ரிலே சோதனை: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் பிரிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வேலை வண்டி ஓடுகிற எல்லை பழைய வட ஆற்காடுதான். சிப்காட் பேக்டரி, வாலாஜா பக்கத்துத் தோல் டேனரி, ஆம்பூர் ஷூ கம்பெனி, ஆரணி அரிசி மில் என்று எங்கே போனாலும் பேனல் ரூமில் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ரிலே என்பது, கரண்ட் அளவு மீறினால் அதை உணர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு உத்தரவு கொடுக்கும் காவல் கருவி. அப்படித் துண்டிப்பதைத்தான் 'விழுவது', 'டிரிப்' என்போம். அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது எங்கள் தொழில். அந்தக் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உயரழுத்த இணைப்பு, அதாவது ஹெச்.டி. சர்வீஸ் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

ரிலே போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் எதற்குச் சோதனை?

பத்து வருஷமாக அதற்கு வேலையே வரவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். வேலை வந்தால் செய்யுமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மோட்டார் கெட்டால் சத்தம் வரும். பம்ப் கெட்டால் தண்ணீர் வராது. ரிலே கெட்டால் எதுவுமே நடக்காது. லைட் எரியும், மெஷின் ஓடும், பில் வரும். ஐப்பசி மழையில் ஒரு கேபிள் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் அந்த அரை விநாடியில்தான் ரிலேக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும். அப்போது தெரிந்து பிரயோஜனம் இல்லை. அதனால் நாமே ஒரு பழுதை நடித்துக் காட்டி, அது எழுந்து ஓடி வருகிறதா என்று பார்க்கிறோம். சோதனை என்பது இவ்வளவுதான்.

புது ரிலே. கம்பெனி டெஸ்ட் சர்டிபிகேட் கூடவே வந்திருக்கிறது. அது போதாதா?

அந்தச் சர்டிபிகேட் உண்மையானதுதான், மதிக்கவேண்டியதுதான். ஆனால் அது சொல்வது வேறு விஷயம்.

ஒரு ரிலே மாடல் சந்தைக்கு வருவதற்கு முன் அதற்கு டைப் டெஸ்ட் நடக்கும். சர்வதேச அளவில் ஐ.இ.சி. 60255 வரிசைத் தரங்கள், இந்தியாவில் ஐ.எஸ். 3231. நம் நாட்டில் இந்த மாதிரிச் சோதனைக்குப் பெரிய இடம், பெங்களூரில் 1960-இல் தொடங்கிய சி.பி.ஆர்.ஐ. என்கிற மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம். வெப்பம், ஈரம், அதிர்வு, மின்காந்தத் தொந்தரவு எல்லாவற்றையும் தாங்குகிறதா, சொன்ன நேரத்தில் இயங்குகிறதா என்று பார்ப்பார்கள். தயாரித்தவரும் இல்லாமல் வாங்குபவரும் இல்லாமல் மூன்றாவது ஆள் சோதிப்பது அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆனால் அங்கே சோதித்தது மாதிரிக்கு எடுத்த ஒன்றிரண்டை. பேக்டரியிலிருந்து கிளம்பும்போது ரொட்டீன் டெஸ்ட் செய்தது உங்கள் ரிலேயைத்தான், ஆனால் வெறும் ரிலேயை. உங்கள் பேனலில் ஏறி, உங்கள் சி.டி.யோடும் (கேபிளில் ஓடும் பெரிய கரண்ட்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) உங்கள் பேட்டரியோடும் உங்கள் பிரேக்கரோடும் சேர்ந்த பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை பெங்களூரிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

பேனல் போட்டுக் கொடுத்தவரே வருஷா வருஷம் சோதித்துத் தருகிறார். வெளி ஆள் எதற்கு?

அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போட்ட ஒயரில் தப்பு இருந்தால், அதைக் கண்டுபிடித்து உங்களிடம் சொல்ல வேண்டியவரும் அவரே. அது மனிதருக்குக் கஷ்டமான வேலை. மறைக்கிறார் என்று சொல்ல வரவில்லை. தன் கையெழுத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குப் படாது, அதுதான் விஷயம். ஒயரிங் வரைபடத்திலேயே தப்பாக நினைத்துப் போட்டவர், சோதிக்கும்போதும் அதே தப்பான நினைப்போடுதான் சோதிப்பார். இரண்டும் அழகாக ஒத்துப்போகும்.

என்னைப் பொறுத்தவரை சார்பற்ற ஆள் என்றால் ரிலே விற்றவரும் இல்லை, செட்டிங் கணக்குப் போட்டவரும் இல்லை, பழுதானால் ரிப்பேர் வேலை கிடைக்கப் போகிறவரும் இல்லை. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இந்த ரிலே போச்சு சார், நானே புதுசு வாங்கித் தரேன்" என்று சொல்கிறவர் சோதனையாளர் இல்லை, வியாபாரி. நாங்கள் ரிலே விற்பதில்லை. விற்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. மறுத்ததற்கு இதுதான் காரணம்.

மின்வாரியத்திலிருந்து எம்.ஆர்.டி. ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே?

எம்.ஆர்.டி. என்பது வாரியத்தில் மீட்டரும் ரிலேயும் சோதிக்கிற பிரிவு. திறமையானவர்கள் இருக்கும் பிரிவு. நானே அவர்களிடம் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் அவர்கள் முதல் கவலை வாரியத்தின் மீட்டர், வாரியத்தின் ஃபீடர், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து வரும் லைன். உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் உங்கள் பொறுப்பு. மின் ஆய்வுத் துறையின் அனுமதியும் ஆய்வும் கட்டாயம் வேண்டும். ஆனால் அது வருஷம் முழுக்க உங்கள் ரிலேயைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ரிலே தூங்கினால், பழுது அப்படியே நிற்காது. துணைமின் நிலையத்தில் இருக்கும் ஃபீடர் பிரேக்கர் விழும். அதே ஃபீடரில் இருக்கும் பக்கத்துக் கம்பெனி, தெரு, ஆஸ்பத்திரி, கிணற்று மோட்டார் எல்லாம் சேர்ந்து நிற்கும். உங்கள் வீட்டுப் பழுதை உங்கள் வீட்டிலேயே முடிப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

சோதனை அன்று உண்மையில் என்ன செய்வீர்கள்?

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கிற 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 11 கே.வி.யிலிருந்து 433 வோல்ட். 11 கே.வி. உள்ளது ஹெச்.டி. பக்கம், 433 வோல்ட் உள்ளது எல்.டி., அதாவது தாழ்வழுத்தப் பக்கம். முழு லோடில் ஹெச்.டி. பக்கம் சுமார் 26 ஆம்பியர் ஓடும். சி.டி. 50-க்கு 1 என்று வையுங்கள். அதாவது கேபிளில் 50 ஆம்பியர் ஓடினால் ரிலேக்கு 1 ஆம்பியர் போகும். ஓவர் கரண்ட் செட்டிங், அதாவது ரிலே எழுந்துகொள்ள வேண்டிய அளவு, 0.6 ஆம்பியர். கேபிள் கணக்கில் 30 ஆம்பியர்.

பேனலின் டெஸ்ட் பிளாக்கில் எங்கள் கிட்டை இணைப்போம். கிட் என்பது சூட்கேஸ் அளவில் இருக்கும் ஒரு கரண்ட் உற்பத்திப் பெட்டி, மில்லி செகண்ட் வரை நேரம் அளக்கும். முதலில் 0.5 ஆம்பியரிலிருந்து மெல்ல ஏற்றுவோம். 0.6-ஐத் தாண்டும் இடத்தில் ரிலே 'ஸ்டார்ட்' காட்ட வேண்டும். 0.8 வரை சும்மா இருந்தால் அங்கேயே முதல் குறிப்பு எழுதிவிடுவோம்.

அடுத்தது நேரம். பெரும்பாலான இடங்களில் போட்டிருப்பது ஐ.டி.எம்.டி. ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவு. கரண்ட் கூடக்கூட வேகமாக விழும். நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் டைம் மல்டிப்ளையரை 0.1 வைத்திருந்தால், செட்டிங்கைப் போல 2 மடங்கு, அதாவது 1.2 ஆம்பியர் கொடுக்கும்போது 1.003 விநாடியில் விழ வேண்டும். 5 மடங்கில் 0.428 விநாடி. 10 மடங்கில் 0.297. இந்த எண்களை நான் மனப்பாடமாக வைத்திருப்பது பெருமைக்காக இல்லை. கிட்டின் திரையை மட்டும் நம்பினால், செட்டிங்கைத் தப்பாக உள்ளே கொடுத்திருந்தாலும் அது 'பாஸ்' என்றுதான் காட்டும்.

அப்புறம் எர்த் ஃபால்ட். நம் ஊரில் கேபிள் பழுதுகளில் பெரும்பகுதி ஒரு ஃபேஸ் பூமியைத் தொடுவதில்தான் தொடங்குகிறது. அதனால் எர்த் ஃபால்ட் சோதனையில் நான் அவசரப்பட மாட்டேன். கடைசியில் ஹை-செட், அதாவது காத்திருக்காமல் உடனே விழுவது.

இத்தனைக்கும் பிறகுதான் முக்கியமான வேலையே ஆரம்பிக்கும்.

ரிலே சரியாக இயங்குகிறது என்று தெரிந்துவிட்டதே. இன்னும் என்ன பாக்கி?

பிரேக்கர் திறந்ததா?

கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் ரிலேயின் டிரிப் காண்டாக்ட் (பிரேக்கருக்கு உத்தரவு அனுப்பும் ஸ்விட்ச்) மூடியதோடு கதை முடிந்துவிடுகிறது. பிரேக்கரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். காண்டாக்ட்டுக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது பாருங்கள்: டி.சி. ஃபியூஸ், மாஸ்டர் டிரிப் ரிலே, பேனலுக்கும் பிரேக்கருக்கும் இடையே கன்ட்ரோல் கேபிள், பிரேக்கரின் துணைக் காண்டாக்ட், டிரிப் காயில், லாட்ச். இதில் ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தாலும் போதும். ரிலே அலறும், பிரேக்கர் அசையாது.

ஆரணிப் பக்கம் ஓர் இடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ரிலே விழுந்தது, விழுந்ததைக் காட்டும் ஃப்ளாக் வந்தது, பிரேக்கர் மூடியபடியே நின்றது. டிரிப் காயிலின் பிளங்கரைச் சுற்றி எண்ணெயும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து பசைபோல் இறுகியிருந்தது. காயில் இழுத்துப் பார்த்தது, அதால் முடியவில்லை. துடைத்து, மூன்று முறை கையால் அடித்து, அப்புறம் மறுபடி இன்ஜெக்ஷன், அதாவது சோதனைக் கரண்ட், கொடுத்தோம். 'டக்' என்று விழுந்தது. அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அந்தச் சத்தத்தைக் கேட்டு விட்ட மூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள். ரிலேக்கும் டிரிப் காயிலுக்கும் டி.சி. கொடுப்பது அதுதான். சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் அழகாகக் காட்டும். பெரிய பழுது வரும்போது ஏ.சி. சப்ளையே சரிந்துவிடும், சார்ஜர் உதவாது. அதனால் சார்ஜரின் ஏ.சி.யை அணைத்துவிட்டு, பேட்டரியை மட்டும் வைத்து ஒரு தடவை பிரேக்கரை விழ வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், மின்விசிறிகூட இல்லாத ரூமில் லெட்-ஆசிட் பேட்டரி சீக்கிரம் கிழமாகிவிடும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது எல்லோரும் ஒப்புக்கொள்கிற கணக்கு.

சி.டி.யையும் ஏன் பார்க்க வேண்டும்? அது வெறும் காயில்தானே?

இதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். முந்தைய வருஷம் வேறொரு குழு சோதித்து, பக்காவான ரிப்போர்ட் கொடுத்திருந்தது. நாங்கள் போனபோது ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டவுன் கிடைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால், ரிலேயின் திரையில் மெனுவைத் தட்டி லோடு கரண்ட் பார்த்தேன். ஆர் ஃபேஸ் பூஜ்யம். ஒய் பூஜ்யம். பி பூஜ்யம். வெளியே கம்ப்ரஸர் சத்தம் காதைப் பிளக்கிறது.

எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "அது எப்பவும் அப்படித்தான் சார் காட்டும்" என்றார்.

பேனலின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தால், சி.டி. டெர்மினலில் ஷார்ட்டிங் லிங்க் மூன்றும் மூடி, ஸ்குரூ முறுக்கிய நிலையில் இருக்கின்றன. சோதிக்கும்போது சி.டி.யின் செகண்டரியைத் திறந்து விடக்கூடாது. விட்டால் ஆயிரக்கணக்கான வோல்ட் உருவாகி ஆளைக் கொல்லும், சி.டி.யும் வெடிக்கும். அதனால் லிங்க் போட்டு ஷார்ட் செய்துவிட்டுத்தான் சோதிப்பார்கள். முடித்ததும் அதை எடுக்க வேண்டும். யாரோ எடுக்காமல் போய்விட்டார்கள். சாயங்காலம், அவசரம், அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும், இப்படி ஏதாவது ஒன்று இருந்திருக்கும். சோதனைக்கு முன் நன்றாக இருந்த ரிலே, சோதனைக்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்கக் குருடாக இருந்திருக்கிறது. கையில் 'ஓ.கே.' ரிப்போர்ட்டும் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். லோடு ஏற்றிய பிறகு, ரிலேயின் திரையில் மூன்று ஃபேஸ் கரண்ட்டையும் படித்து, டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்கத்து மீட்டரோடு ஒத்துப் பார்க்காமல் வண்டி ஏற மாட்டோம். மேலே சொன்ன 500 கே.வி.ஏ.யில் எல்.டி. பக்கம் 333 ஆம்பியர் ஓடினால், ஹெச்.டி. ரிலே சுமார் 13 காட்ட வேண்டும். நியூட்ரல் கரண்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஏதோ ஒரு சி.டி. தலைகீழாக இருக்கிறது.

இதைத் தவிர பிரைமரி இன்ஜெக்ஷன் என்று ஒன்று உண்டு. கேபிள் வழியாகவே, சி.டி.யின் துளைக்குள் நிஜமாகவே பெரிய கரண்ட் அனுப்பிப் பார்ப்பது. கிட் கனமானது, நேரம் பிடிக்கும். ஆனால் புதிதாக நிறுவும்போதும் சி.டி. மாற்றும்போதும் அதைத் தவிர்க்கக்கூடாது. ரேஷியோ, போலாரிட்டி (கரண்ட்டின் திசை), ஒயரிங் எல்லாம் ஒரே தட்டில் தெரிந்துவிடும்.

எங்களுடையது நியூமெரிக்கல் ரிலே, உள்ளே சிப் வைத்த டிஜிட்டல் வகை. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் என்றார்களே?

தன் உடம்பைச் சோதித்துக்கொள்ளும். மெமரி கெட்டால், பவர் சப்ளை போனால், 'ஹெல்தி' விளக்கு அணைந்து அலாரம் கொடுக்கும். நல்ல வசதிதான், பழைய ரிலேக்களில் அது கிடையாது. ஆனால் மேலே சொன்ன ராணிப்பேட்டை ரிலேயிலும் 'ஹெல்தி' விளக்கு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. சி.டி. லிங்க் மூடியிருப்பதோ, பிளங்கர் இறுகியிருப்பதோ, யாரோ செட்டிங்கை மாற்றிவிட்டதோ அதற்குத் தெரியாது.

வட்டத் தட்டு சுழலும் பழைய சி.டி.ஜி. ரிலேக்கள் இன்னும் நம் பக்கத்தில் பல இடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்வதில்லை. பேரிங்கில் தூசி இல்லாமல், ஸ்பிரிங் சரியாக இருந்தால் நம்பி வைக்கலாம். ஆனால் அவை அடிக்கடி கவனிப்பு கேட்கும்.

டேனரியில் ரிலேக்கள் சீக்கிரம் கெடுகின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மயிர் நீக்கும் சுண்ணாம்பு வேலையில் சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு சேரும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், அழுகிய முட்டை வாடை. அது மனிதருக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். செம்புக்கும் வெள்ளிக்கும் அது எதிரி என்பது பலருக்குத் தெரியாது. ரிலே காண்டாக்ட்டின் முனை வெள்ளி. வீட்டு வெள்ளிக் கொலுசு கறுப்பது போலவே அதுவும் கறுக்கும். அந்தக் கறுப்புப் படலம் கரண்ட்டைத் தடுக்கும்.

வாலாஜா பக்கம் ஒரு பேனலில் ஒயர் முனையைச் செதுக்கிப் பார்த்தேன். இன்சுலேஷனுக்குள்ளே இரண்டு விரல் தூரம் வரை செம்பு கரிபோல் ஆகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது ஒயர்.

இத்தகைய இடங்களில் பேனல் ரூமைச் சுண்ணாம்புப் பகுதியிலிருந்தும் எஃப்ளூயன்ட் (கழிவுநீர்) தொட்டியிலிருந்தும் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் கதவு, கேபிள் ஓட்டை எல்லாவற்றையும் நன்றாக அடையுங்கள். டிரிப் காண்டாக்ட்டின் ரெசிஸ்டன்ஸை அளந்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். இதற்காகச் சோதனை இடைவெளியையும் பாதியாகக் குறையுங்கள்.

செட்டிங் சரியா என்று நீங்களே சொல்லிவிடுவீர்களா?

போட்டிருக்கும் செட்டிங்கில் ரிலே இயங்குகிறதா என்பது சோதனை. அந்தச் செட்டிங்கே சரியா என்பது தனிக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல தொல்லைகள். தப்பான செட்டிங்கில் மிகச் சரியாக இயங்கும் ரிலேயை வைத்து என்ன செய்வது?

1965 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 3 கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். தொடக்கம், ஒன்டாரியோவில் ஒரு மின்நிலையத்து லைனில் இருந்த ஒரு ரிலே. அது கெட்டுப்போன ரிலே இல்லை. செட்டிங் தேவைக்குக் குறைவாக இருந்தது, சாதாரண லோடு ஏறியதும் விழுந்தது.

நம் அளவில் இது எப்படி வரும்? அந்த 500 கே.வி.ஏ.யையே எடுங்கள். இம்பீடன்ஸ் (ஷார்ட் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் உள்தடை) 4.5 சதவீதம் என்றால், எல்.டி. பக்கத்தில் முழு ஷார்ட் ஆகும்போது ஹெச்.டி.யில் அதிகபட்சம் 583 ஆம்பியர் வரும். ஹை-செட்டை அதற்கு மேலே, ஏறக்குறைய 750-இல் வைத்தால், எல்.டி. பழுதுக்கு எல்.டி. பிரேக்கர் விழ நேரம் கிடைக்கும், ஹெச்.டி. ஷார்ட்டுக்கு மட்டும் இது உடனே விழும். டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்யும் கணத்தில் முழு லோடைப் போல 8 முதல் 12 மடங்கு வரை இன்ரஷ் பாயும். அதற்கும் இது அசையாது. ஒருவர் பாதுகாப்பு என்று நினைத்து ஹை-செட்டை 200-க்குக் குறைத்து வைத்திருப்பார். ஆன் செய்யும்போதெல்லாம் விழும். நாலு தடவை விழுந்ததும் எரிச்சலில் ஹை-செட்டையே ஆஃப் செய்துவிடுவார்கள். இதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்!

மேலே துணைமின் நிலையத்தில் இருக்கும் ஃபீடர் ரிலேயோடும் நேர இடைவெளி வேண்டும். நியூமெரிக்கல் என்றால் 0.3 விநாடி, பழைய தட்டு ரிலே என்றால் 0.4 வைப்பது வழக்கம். இதற்கு வாரியத்தின் செட்டிங்கை உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய கிரிட்டிலும் இப்படி வெளி ஆள் சோதனை உண்டா?

உண்டு, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2012 ஜூலை 30 விடியற்காலை 2:33 மணிக்கு பினா–குவாலியர் 400 கே.வி. லைன் விழுந்தது. அங்கே கம்பி அறுந்ததோ ஷார்ட் ஆனதோ இல்லை. அளவுக்கு மீறிய லோடைப் பழுது என்று எண்ணி, டிஸ்டன்ஸ் ரிலேயின் (லைனில் பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும் ரிலே) மூன்றாம் மண்டலம், அதாவது தொலைவுப் பழுதைப் பார்க்கும் பகுதி, டிரிப் கொடுத்தது. வட இந்தியா இருண்டது. மறுநாள் மீண்டும் சரிந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 62 கோடிப் பேர். வேலூரில் நமக்கு அன்று கரண்ட் இருந்தது. தென்னகக் கிரிட் அப்போது வடக்கோடு ஹெச்.வி.டி.சி., அதாவது உயரழுத்த டி.சி. இணைப்பு வழியாக மட்டுமே இணைந்திருந்ததே காரணம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வந்த பிறகு நாமும் ஒரே கிரிட். அடுத்த முறை அங்கே ஒரு ரிலே தப்பாக நினைத்தால் இங்கேயும் எதிரொலிக்கலாம். காட்பாடிக்குப் பக்கத்தில் திருவலம் 765 கே.வி. துணைமின் நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்த இருட்டுக்குப் பிறகுதான் பாதுகாப்பு அமைப்புகளுக்கு வெளியார் தணிக்கை வேண்டும் என்பது உறுதியாகப் பேசப்பட்டது. 2023-இன் இந்திய மின்தொகுப்பு விதிகளில் ஒவ்வொரு வருஷமும் உள் தணிக்கை, 220 கே.வி.யும் அதற்கு மேலும் உள்ள துணைமின் நிலையங்களில் 5 வருஷத்துக்கு ஒரு முறை மூன்றாம் தரப்புத் தணிக்கை என்று எழுதியே வைத்துவிட்டார்கள். 11 கே.வி.க்கு அந்த விதி வராது. நல்ல பழக்கத்துக்கு விதி எதற்கு என்று நான் கேட்பேன்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை?

நான் சொல்வது: தட்டு ரிலே என்றால் வருஷம் ஒரு முறை முழுச் சோதனை. நியூமெரிக்கல் என்றால் முழுச் சோதனை 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒரு முறை, ஆனால் பிரேக்கரை ரிலே வழியாக விழ வைப்பது வருஷா வருஷம். பெரிய பழுது வந்து போனாலும், சி.டி.யோ டிரான்ஸ்ஃபார்மரோ மாற்றினாலும், செட்டிங் தொட்டாலும் கணக்கைப் பார்க்காமல் உடனே.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? எங்களுக்கு எண்கள் புரியாதே.

புரியாவிட்டாலும் பார்க்கலாம். மூன்று ஃபேஸுக்கும் 1.003, 1.003, 1.003 என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். அது ஃபார்முலா தரும் விடை. உண்மையான ரிலே 1.012, 1.009, 1.016 என்று சற்று முன்பின்னாகத்தான் விழும். போன வருஷ ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால், தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

வந்தபோது இருந்த நிலை, விட்டுப் போகும்போது உள்ள நிலை இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். சரிசெய்த பிறகு வந்த நல்ல எண்ணை மட்டும் எழுதினால், உங்கள் ரிலே எவ்வளவு நாளாகக் கோளாறாக இருந்தது என்பதே மறைந்துவிடும். கிட்டின் காலிபிரேஷன் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, அதைக் கொடுத்த ஆய்வகம், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

மாடியில் சோலார் போட்டோம், ஜெனரேட்டரும் இருக்கிறது. ஏதாவது மாறுமா?

மாறும். இதுவரை ஒரு பக்கமிருந்து வந்த கரண்ட் இனி இரண்டு பக்கமிருந்தும் வரும். கரண்ட் எதிர்த்திசையில் போனால் உணரும் ரிவர்ஸ் பவர் ரிலே, கிரிட் போனால் சோலார் நிற்கிறதா என்பது இரண்டையும் தனியாகச் சோதிக்க வேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் இதில் இருக்கிறது.

எங்கள் எலக்ட்ரீஷியனே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நிறைய. வாரம் ஒரு முறை ரிலேயின் திரையில் மூன்று ஃபேஸ் கரண்ட்டையும் ஒரு நோட்டில் எழுதட்டும். 'ஹெல்தி' விளக்கு, பேட்டரி வோல்டேஜ், டிரிப் சர்க்யூட் விளக்கு எல்லாவற்றையும் பார்க்கட்டும். ரிலே விழுந்தால் ரீசெட் அழுத்துவதற்கு முன்னால் திரையைப் போனில் படம் எடுக்கட்டும், இது ரொம்ப முக்கியம். ஆனால் சி.டி. டெர்மினலில் கை வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் வரும் நாளுக்கு நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஞாயிறோ வெள்ளியோ, உங்கள் கம்பெனி விடுமுறை எதுவோ அன்றைக்கு முழு ஷட்டவுன். அரை நாளில் முடித்துத் தாருங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். லிங்க் மறந்துபோவது அந்த அவசரத்தில்தான். ஒயரிங் வரைபடம், பழைய ரிப்போர்ட், செட்டிங் தாள், ரிலேயின் பாஸ்வேர்ட் எல்லாம் மேசை மேல் இருக்கட்டும். வாரியத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, லைன் க்ளியர், அதாவது லைன் அணைக்கப்பட்டுவிட்டது என்ற உறுதி, எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியன் முழு நேரமும் எங்களோடு நிற்க வேண்டும். முடித்ததும், பிரேக்கரை மூடுவதற்கு முன், பின்கதவைத் திறந்து டார்ச் அடித்து, ஷார்ட்டிங் லிங்க் மூன்றும் திறந்திருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் அவர் ஒரு முறை பார்க்கட்டும்.